கேள்வியும் கனமும்: தமிழ்க் கிறிஸ்தவக் காப்பியங்களில் கீழ்ப்படிதல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் நிலைத்து வாழ்கிறது என்றால், அங்கே நன்றாகப் பேசினார்கள் என்பது மட்டும் அதற்குக் காரணமாக இருக்க இயலாது. ஒருவர் சொல்லை மற்றவர் பொறுமையோடு கேட்டார்கள் என்பதே முதற்காரணம். எனவே, கேட்டலைப் பற்றிய சிந்தனை ஒன்று இவ்விழாவுக்குப் பொருத்தமுடையதே. கிறிஸ்தவ சமயம் 'கீழ்ப்படிதல்' என்று பெரிதாகப் போற்றும் பண்பு, அடிப்படையில் கேட்டலே ஆகும். அப்பண்பு எவ்வாறு இறைவனுக்கு மகிமை சேர்க்கும், தமிழிலே பிறந்த கிறிஸ்தவக் காப்பியங்கள் அதனை எவ்வாறு காட்டுகின்றன என்பனவே இவ்வுரையின் பொருள்.

இப்பொருளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இக்காலத்தில் 'கீழ்ப்படிதல்' என்ற சொல் செவிக்கு இனிதாக ஒலிப்பதில்லை. அச்சொல்லைக் கேட்டவுடன் அடிமையின் குனிந்த முதுகு நினைவுக்கு வருகிறது. ஆணை பிறந்தது, செய்தோம் என்று கொலைக்களத்துக்கு ஆள் அனுப்பிய அதிகாரிகள் நினைவுக்கு வருகிறார்கள். குனிந்த முதுகைக் கண்டு மகிழ்கிற கடவுள் ஒரு கொடுங்கோலன் அல்லனோ என்று வினவுவோர் உளர். அவ்வினா நேர்மையானது. அதனை ஒதுக்கிவிட்டு இப்பண்பைப் புகழ்வது முறையன்று.

சொல்லும் பொருளும்

முதலில் சொற்களை நோக்குவோம். பழைய ஏற்பாட்டின் மொழியாகிய எபிரேயத்தில் 'ஷாமா' என்னும் வினை செவியால் கேட்டலையும் சொற்படி நடத்தலையும் ஒருசேரக் குறிக்கும். கீழ்ப்படிதலுக்குரிய கிரேக்கச் சொல்லும் இலத்தீன் சொல்லும் 'கேட்டல்' என்னும் வினையினின்றே கிளைத்தவை. தமிழனுக்கு இது புதுமை அன்று. 'பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிறானா?' என்று அண்டை வீட்டார் வினவினால், அவனுடைய செவிப்புலனைப் பற்றி அவர்கள் வினவவில்லை என்பது எல்லார்க்கும் தெரியும்.

தமிழ் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. கேட்டல் என்றால் செவியுறுதல். கேட்டல் என்றால் சொற்படி நடத்தல். கேட்டல் என்றால் வினாவுதல். மூன்றுக்கும் ஒரே சொல். 'கேள்வி' என்று வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குப் பெயரிட்டபோது கற்றோரிடம் செவியால் பெறும் அறிவைக் குறித்தார். அதே சொல் இன்று வினாவைக் குறிக்கிறது. ஆகவே, கேள்வி கேட்பவன் கீழ்ப்படியாதவன் என்று எவரேனும் கூறுவாராயின், தமிழ்மொழியே அவரை மறுத்துரைக்கும். வினாவுக்கு இடமில்லாத கீழ்ப்படிதல் தமிழ்ச் சொல்லின் பொருளில் ஒரு பகுதியை இழந்ததாகும்.

விவிலியமும் இதற்குச் சான்று பகர்கிறது. சோதோம் நகரின் அழிவைப் பற்றி ஆபிரகாம் கடவுளிடம் வழக்காடினார். நல்லோர் ஐம்பதின்மர் இருந்தால் என்ன, பதின்மர் இருந்தால் என்ன என்று படிப்படியாகப் பேரம் பேசினார். எகிப்துக்குச் செல்லுமாறு ஏவப்பட்ட மோசே தம் தகுதியின்மையைச் சுட்டி மீண்டும் மீண்டும் மறுமொழி கூறினார். வானவரின் வாழ்த்தைக் கேட்ட மரியாள் முதலில் சொன்னது இசைவு அன்று. இது எவ்வாறு நிகழும் என்ற வினாவே. வினாவுக்கு விடை வந்த பின்னரே இசைவு பிறந்தது. இம்மூவரையும் கடவுள் கடிந்து ஒதுக்கவில்லை. இம்மூவரே கீழ்ப்படிதலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகின்றனர்.

அடுத்து, 'மகிமை' என்னும் சொல். எபிரேயத்தில் அதற்குரிய சொல் 'கபோத்' என்பது. அதன் வேர்ப்பொருள் எடை, பளு. தமிழிலும் 'கனம்' என்னும் சொல் எடையையும் மதிப்பையும் ஒருங்கே குறிப்பது எண்ணி மகிழத்தக்கது. பெற்றோரைக் 'கனம்பண்ணுதல்' என்று பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளர் எழுதியபோது, எபிரேயச் சொல்லின் உள்ளீடு அவ்வாறே தமிழில் வந்து இறங்கியது.

இங்கேதான் இரு சொற்களும் சந்திக்கின்றன. கடவுளுக்கு மகிமை சேர்த்தல் என்றால், அவரிடம் இல்லாத ஒன்றை மனிதன் கொண்டுபோய்க் கொடுப்பது என்று பொருள்படாது. கதிரவனுக்கு விளக்கேற்றி ஒளி சேர்ப்பார் இல்லை. ஆயினும், உலகில் ஒருவருடைய சொல்லுக்கு எடை உண்டா இல்லையா என்பது, அச்சொல்லை ஏற்று நடப்பவர் உண்டா இல்லையா என்பதைக் கொண்டே புலப்படுகிறது. ஆயிரம் பேர் புகழ்ந்து பாடியும் ஒருவரும் செவிசாய்க்காத சொல் இலேசான சொல். எவரும் பாடாவிடினும் ஒருவன் தன் வாழ்வையே வைத்து ஏற்ற சொல் கனமான சொல். கீழ்ப்படிதலால் கடவுள் மகிமை அடைகிறார் என்னும் கிறிஸ்தவக் கோட்பாட்டின் உட்பொருள் இதுவே எனலாம். அமலேக்கியரிடமிருந்து கொள்ளையடித்த கொழுத்த ஆடுமாடுகளைப் பலியிடக் கொண்டுவந்ததாகச் சவுல் மன்னன் சொன்னபோது, பலியைவிடக் கேட்டலே சிறந்தது என்று சாமுவேல் இறைவாக்கினர் இடித்துரைத்ததும் இக்கருத்துப் பற்றியே. யோவான் எழுதிய நற்செய்தியில், தம் இறுதி இரவில் இயேசு செய்யும் வேண்டுதலும் இதனையே மொழிகிறது. தந்தை ஒப்படைத்த பணியை முடித்ததன் வாயிலாகத் தந்தையை உலகில் மாட்சிப்படுத்தியதாக அவர் கூறுகிறார்.

பேசாத தலைவன்

இக்கருத்தைத் தமிழில் காப்பியமாக்கியவர் வீரமாமுனிவர். இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவாவுக்கு வந்து, அடுத்த ஆண்டில் மதுரை மறைப்பணிக் களத்தை அடைந்தார். அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டது. சிந்தாமணியையும் கம்பனையும் தோய்ந்து கற்ற ஒருவரின் நூல் அது என்பதற்கு அதன் நாட்டுப் படலமும் நகரப் படலமுமே சான்று.

அக்காப்பியத்தின் தலைவன் யார்? இயேசு பெருமானைத் தலைவராக்கிப் பாடியிருக்கலாம், பாடவில்லை. போர்க்களம் கண்ட தாவீதைப் பாடியிருக்கலாம், பாடவில்லை. வளன் என்று அழகிய தமிழ்ப்பெயர் சூட்டி அவர் தேர்ந்தெடுத்தது சூசையப்பரை. நான்கு நற்செய்தி நூல்களிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு சொல்கூடப் பதிவாகவில்லை. அவர் போர் புரியவில்லை, நாடு ஆளவில்லை, அற்புதம் நிகழ்த்தவில்லை, தச்சுத்தொழில் செய்தார். பின்னர் அவர் எப்போது இறந்தார் என்பதைக்கூட நற்செய்தியாளர் எழுதி வைக்கவில்லை. தமிழ்க் காப்பிய இலக்கணம் தன்னேரில்லாத் தலைவனை வேண்டுகிறது. இத்தகைய ஒருவரை அவ்விடத்தில் அமர்த்துவது துணிச்சலான செயல் என்பதில் ஐயமில்லை.

அவரைத் தன்னேரில்லாதவர் ஆக்கியது எது? மத்தேயு எழுதிய நற்செய்தி அதனைச் சுருங்கச் சொல்கிறது. நான்கு முறை கனவில் அவருக்கு ஏவல் வந்தது. மனைவியை ஏற்றுக்கொள்ளுமாறு ஒருமுறை. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடுமாறு ஒருமுறை. திரும்பி வருமாறு ஒருமுறை. யூதேயாவைத் தவிர்க்குமாறு ஒருமுறை. நான்கு முறையும் மறுமொழி ஏதும் பதிவாகவில்லை. எழுந்தார், செய்தார் என்பதே செய்தி. ஏரோது மன்னனின் வாள் பெத்லகேமை நெருங்கும் இரவில், விடியட்டும் என்று கூட அவர் காத்திருக்கவில்லை.

ஆயினும் இவர் உணர்ச்சியற்ற கருவி அல்லர். மணம் உறுதியான மனைவி தாம் அறியாமல் கருவுற்றிருப்பதைக் கண்டு அவர் உள்ளம் குமுறியதை நற்செய்தி மறைக்கவில்லை. முனிவர் இவ்விடத்தை ஒரு வரியில் கடந்து செல்லவில்லை. ஐயம் தோற்று படலம், ஐயம் நீங்கு படலம் என்று இரு படலங்களை இதற்கென்றே வகுத்தார். இது கருதத்தக்கது. கீழ்ப்படிதலைப் பாட வந்த கவிஞர், ஐயத்துக்கு ஒரு படலம் ஒதுக்குகிறார். ஐயமே தோன்றாதவனின் கீழ்ப்படிதலில் பெருமை என்ன இருக்கிறது? சட்டம் அவருக்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தது. ஊரறியப் பழி தூற்றியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் மறைவாக விலகிவிட எண்ணினார் என்பதே அவருடைய நேர்மைக்குச் சான்று. ஏவல் வந்தபோது அந்த எண்ணத்தையும் கைவிட்டார். மானம், உரிமை, ஊர்ப்பேச்சு ஆகிய மூன்றையும் விட ஒரு சொல்லுக்கு மிகுந்த கனம் உண்டு என்று அவர் கருதினார்.

இராமனும் வளனும்

கம்பனை அறிந்த அவைக்கு இவ்விடத்தில் இராமன் நினைவுக்கு வருதல் இயல்பே. தந்தை சொல்லைக் காக்க மணிமுடியைத் துறந்து காடேகியவன் அவன். முடிசூடு என்றபோதும் காடேகு என்றபோதும் ஒரே முகத்தோடு நின்றான் என்று கம்பன் காட்டுகிறான். அவன் சென்றதனால் தயரதனின் வாக்கு பொய்யாகாமல் கனம் பெற்றது. தாம் பாடவந்த கீழ்ப்படிதலைத் தமிழர்க்குப் புரிய வைக்க முனிவர் புதிய அடித்தளம் எதனையும் இடவேண்டியிருக்கவில்லை; கம்பன் இட்டுவைத்திருந்தான்.

வேறுபாடும் உண்டு. இராமன் காடேகியபோது நகரமே அழுதது. அவன் இழந்தது என்ன என்பதை அயோத்தி முழுதும் அறியும். வளன் இழந்தது என்ன என்பதை நாசரேத்தில் ஒருவரும் அறியார். அவன் மனைவியைப் பற்றி ஊர் என்ன நினைத்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், அவன் கீழ்ப்படிதல் அவனுக்குப் புகழைத் தரவில்லை, பழியைத்தான் தந்திருக்கும் என்பது விளங்கும். தனக்குப் புகழ் சேராத இடத்தில்தான் செயலின் மாட்சி முழுவதும் ஏவினவர்க்கே போய்ச் சேருகிறது. முனிவர் தம் நூலை முடிசூட்டு படலத்தோடு நிறைவு செய்கிறார். அம்முடி மண்ணுலகில் சூட்டப்பட்டது அன்று; விண்ணுலகில் இறைவனே சூட்டுவது. இராமனுக்கு முடி இழந்து பெற்ற முடி. வளனுக்கோ வாழ்நாளில் கனவிலும் நினையாத முடி.

மட்டியும் மடையனும்

இவ்வளவு சொன்ன முனிவர், கண்ணை மூடிக்கொண்டு கட்டளைக்கு ஆடுவதைப் போற்றினாரா? இல்லை என்பதற்கு அவருடைய மற்றொரு நூலே சான்று. பரமார்த்த குருவின் கதையை அறியாத தமிழர் இலர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களும் குருவின் சொல்லைத் தட்டாதவர்கள். குதிரையின்மேல் செல்லும் குருவின் தலைப்பாகை கீழே விழுகிறது. எடுக்கச் சொல்லவில்லையே என்று சீடர்கள் விட்டுவிடுகிறார்கள். விழுவதையெல்லாம் எடுக்கவேண்டும் என்று குரு கடிந்துகொள்கிறார். உடனே குதிரையிட்ட சாணத்தையும் பத்திரமாக எடுத்துத் தலைப்பாகையில் ஏந்துகிறார்கள். எடுக்கத்தக்கவை இவையென்று ஓலையில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு குருவே குழியில் விழும்போது, ஓலையைப் படித்துப் பார்த்து, ஆடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு குருவை மட்டும் குழியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஓலையில் அவர் பெயர் இல்லை!

சிறுவர்களைச் சிரிக்க வைக்கும் இக்கதையில் பெரியோர் சிந்திக்க வேண்டிய செய்தி உண்டு. அச்சீடர்கள் கட்டளையை மீறவில்லை. ஆயினும் கட்டளையிட்டவரைக் குழியில் விட்டார்கள். சொல்லின் எழுத்துக்குக் கனம் கொடுத்து, சொன்னவரின் உள்ளத்தைக் கைவிட்ட கீழ்ப்படிதல் அது. ஒரே கவிஞரின் எழுத்தாணி வளனையும் வரைந்தது, மட்டியையும் வரைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, ஏவியவரின் அன்பை அறிந்து நடத்தலும் ஏவலின் எழுத்தைப் பிடித்துத் தொங்குதலும் ஒன்றல்ல என்பது தெளிவாகும்.

கைக்கோலும் வாய்மையும்

முனிவர் சேர்ந்திருந்த இயேசு சபையின் குறிக்கோள் மொழி, இறைவனின் மிகுதியான மகிமைக்காக என்னும் பொருளுடையது. அச்சபை 1540-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஏற்பைப் பெற்றது. அதே ஆண்டில், இந்தியாவுக்கு அனுப்பப்பட இருந்த பொபதில்யா நோயுற்றதால், பிரான்சிஸ் சவேரியார் அவருக்குப் பதிலாக ஏவப்பட்டுப் புறப்பட்டார். 1542-இல் கோவாவை அடைந்து முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குப் பின் அக்கடற்கரைக்கு அனுப்பப்பட்ட அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூல் தமிழ் எழுத்தில் அச்சேறக் காரணமானார். ஏவலை ஏற்றுக் கடல் கடந்த சிலரின் கீழ்ப்படிதலால் தமிழ் அச்சுக்கலையும் அகராதிக்கலையும் பயனடைந்தன என்பது வரலாறு.

சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார், போர்ச்சுகல் நாட்டுத் துறவியர்க்கு 1553-இல் கீழ்ப்படிதலைப் பற்றி ஒரு நீண்ட மடல் வரைந்தார். செயலால் பணிதல், விருப்பத்தால் பணிதல், அறிவால் பணிதல் என்று மூன்று படிகளை அதில் வகுத்தார். சபையின் அமைப்புவிதிகளில் முதியவர் கையிலுள்ள கோலைப் போல இருக்கவேண்டும் என்றும் உவமை கூறினார். இவ்வுவமைகளைக் காட்டி அச்சபையைக் குறைகூறியோர் பலர். ஆனால் இரண்டு செய்திகள் பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. பாவம் காணப்படாத காரியங்களில் மட்டுமே அப்பணிவு கேட்கப்பட்டது. மேலும், தலைவரின் கருத்தினின்று மாறுபட்ட கருத்து ஒருவர்க்குத் தோன்றினால், வேண்டுதல் செய்து ஆராய்ந்து அதனைத் தலைவரிடம் எடுத்துரைக்கலாம் என்று அம்மடலே இடங்கொடுத்தது. கேட்டலின் மூன்றாம் பொருளாகிய வினா அங்கேயும் உயிரோடிருந்தது.

அப்பணிவுக்குக் கடுஞ்சோதனை 1773-இல் வந்தது. ஐரோப்பிய அரசர்களின் நெருக்குதலால் திருத்தந்தை பதினான்காம் கிளமெந்து அச்சபையையே கலைத்துவிட்டார். திருத்தந்தைக்குப் பணிவதைத் தனி வாக்காகவே கொண்டிருந்த சபை, திருத்தந்தையின் ஆணையாலேயே மறைந்தது. அரசின் இசைவின்மையால் ஆணை அறிவிக்கப்படாத உருசியா போன்ற சில இடங்கள் நீங்கலாக, எங்கும் துறவியர் கலைந்து சென்றனர். தலைவர் லொரென்சோ ரிச்சி உரோமைச் சிறையில் அடைக்கப்பட்டு 1775-இல் அங்கேயே உயிர் நீத்தார். இறப்பதற்கு முன், சபை கலைக்கப்படுவதற்குரிய குற்றம் எதனையும் செய்யவில்லை என்று அவர் உறுதியாக அறிவித்தார். அவர் கலகம் செய்யவில்லை. ஆயினும் பொய்யையும் ஒப்புக்கொள்ளவில்லை. பணிதல் வேறு, பொய்ம்மைக்கு உடன்படுதல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை. 1814-இல் சபை மீண்டும் நிறுவப்பட்டது. 1844-இல் நாகப்பட்டினத்தில் அவர்கள் தொடங்கிப் பின்னர் 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு இடம்பெயர்ந்த கல்லூரி, பேசாத அந்தத் தச்சரின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மறுத்தலும் கேட்டலே

இனி, மற்றொரு காப்பியம். திருநெல்வேலிச் சீமையில் 1827-இல் வைணவக் குடியில் பிறந்து, 1858-இல் கிறிஸ்தவம் தழுவிய எச். ஏ. கிருஷ்ணப்பிள்ளை, 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தை வெளியிட்டார். 'கிறிஸ்தவக் கம்பர்' என்று தமிழுலகம் அவரைப் போற்றுகிறது. அந்நூலுக்கு மூலம் ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதி 1678-இல் வெளியிட்ட பயண உருவகக் கதை.

பனியனின் வாழ்க்கை இங்கு இன்றியமையாதது. பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்க்கும் எளிய தொழிலாளி அவர். அரசு ஏற்பு இல்லாமல் சமயவுரை ஆற்றியதற்காக 1660-இல் பெட்ஃபோர்டில் சிறையிடப்பட்டார். இனிப் பேசமாட்டேன் என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் வீட்டுக்குச் சென்றிருக்கலாம். மனைவியும், கண்பார்வையற்ற மகள் உள்ளிட்ட நான்கு பிள்ளைகளும் காத்திருந்தனர். அவர் அவ்வாக்கைக் கொடுக்கவில்லை. சிறைக்குள்ளிருந்தே காலணிக் கயிறுகளுக்கு முனை கட்டி விற்று அவர்களைக் காத்தார். 1672 வரை, ஏறத்தாழ 12 ஆண்டுகள் அவ்வாறு கழிந்தன. அப்பயணக் கதையில், மாயச் சந்தையின் சரக்கை வாங்க மறுத்து, நகரின் சட்டத்தை அவமதித்தான் என்று குற்றம் சாட்டப்பட்டு உயிர் துறக்கும் வழித்துணைவன் ஒருவன் வருகிறான். அவனைப் படைத்தவர், நீதிமன்றக் கூண்டில் நின்ற தம் அனுபவத்திலிருந்தே அவனைப் படைத்திருத்தல் வேண்டும்.

வளன் ஏவலை ஏற்றான்; பனியன் ஏவலை மறுத்தார். இரண்டும் எவ்வாறு ஒரே பண்பாகும்? இருவரும் ஒரே சொல்லுக்குக் கனம் கொடுத்தார்கள் என்பதே விடை. மனிதரைவிடக் கடவுளுக்குக் கீழ்ப்படிதலே கடமை என்று எருசலேம் ஆலோசனைச் சபையின் முன் பேதுருவும் பிற திருத்தூதரும் கூறியதாகத் திருத்தூதர் பணிகள் நூல் உரைக்கிறது. எனவே சில வேளைகளில் மறுத்தலே கேட்டலாகிறது.

கிருஷ்ணப்பிள்ளை மூலநூலை அப்படியே பெயர்த்துத் தரவில்லை. பனியன் விரித்துப் பாடாத இயேசுவின் பாடுகளை அவர் தம் காப்பியத்தின் நடுவே விரித்துப் பாடினார். அது நூலின் உயிர்நாடியாக அமைந்தது. கெத்செமனே தோட்டத்தில் துன்பக் கிண்ணத்தை அகற்றுமாறு கேட்டு, பின் தந்தையின் விருப்பத்துக்கே தம்மை ஒப்படைத்த மகனின் கீழ்ப்படிதலே எல்லாக் கீழ்ப்படிதலுக்கும் ஊற்று என்பது அவர் கண்ட உண்மை. அங்கேயும் முதலில் வேண்டுகோள் இருந்தது, கண்ணீர் இருந்தது, இசைவு அதற்குப் பின்னரே வந்தது.

போலியை அறிதல்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை காணலாம். கீழ்ப்படிதலின் பெயரால் கொடுமைகள் நிகழ்ந்தது உண்மை. 1807-இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் கறுப்பின அடிமைகளுக்கென்று ஒரு விவிலியத் தொகுப்பு அச்சிடப்பட்டது. எகிப்தின் அடிமைத்தளையினின்று இசுரயேலர் விடுதலை பெற்ற பகுதிகள் அதில் நீக்கப்பட்டிருந்தன. வேலையாட்கள் தலைவர்க்குக் கீழ்ப்படியவேண்டும் என்னும் பகுதி விடப்பட்டிருந்தது. இதனால் மகிமை பெற்றவர் கடவுளா, கரும்புத் தோட்டத்து முதலாளியா? கடவுளின் சொல்லைக் கத்தரித்துவிட்டுக் கடவுளுக்குக் கீழ்ப்படியச் சொல்வதைவிடப் பெரிய கீழ்ப்படியாமை வேறு இல்லை.

மறுப்பெல்லாம் மனச்சான்றின் குரல் என்றும் கொள்ளலாகாது. 1833-இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், தென்னகத் திருச்சபைகளில் சாதி வேற்றுமை முழுதும் கைவிடப்பட வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை ஏற்க மறுத்து விலகி நின்றனர். உடன் வழிபடுவோரோடு ஒருங்கே அமர்தல், ஒரே கிண்ணத்தில் பருகுதல் என்னும் எளிய கட்டளைகள் அவை. பனியனும் மறுத்தார், இவர்களும் மறுத்தனர். பனியன் மறுப்பின் விலையைத் தாமே செலுத்தினார். இவர்களுடைய மறுப்பின் விலையைப் பின் வரிசையில் அமர்த்தப்பட்டவர்கள் செலுத்தினார்கள்.

இங்கே ஓர் உரைகல் கிடைக்கிறது. ஏற்றாலும் மறுத்தாலும், அதன் சுமையை யார் தாங்குகிறார், அதன் நிழலில் யார் தங்குகிறார் என்று காணவேண்டும். சுமையைத் தான் தாங்கி எளியவர்க்கு நிழல் தருவது இறைவனுக்குரிய கீழ்ப்படிதல். சுமையை எளியவர் தலையில் ஏற்றித் தான் நிழலில் நிற்பது, எப்பெயரால் அழைக்கப்படினும், அதிகார வழிபாடே. வளன் தாங்கிய பழியின் நிழலில் ஒரு தாயும் சேயும் உயிர் பிழைத்தனர் என்பதை இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

இருபதாம் நூற்றாண்டு இதற்கு மற்றொரு சான்று தருகிறது. ஆஸ்திரியாவில் சாங்ட் ராடகுண்ட் என்னும் சிற்றூரில் உழவராகவும் ஆலயப் பணியாளராகவும் வாழ்ந்தவர் ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர். ஹிட்லரின் படையில் போரிட 1943-இல் அழைக்கப்பட்டபோது அவர் மறுத்தார். மனைவியும் மூன்று பெண்குழந்தைகளும் உள்ள அவரை, குடும்பத்தை எண்ணிப் பார்க்குமாறு திருச்சபையின் குருக்களே அறிவுறுத்தினர். அவர்களை அவர் இகழவில்லை; அவர்களுக்காக வேண்டினார். ஆனால் தம் முடிவினின்று மாறவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அவர் தலை துண்டிக்கப்பட்டது. அந்நாளில் அதனை அறிந்தோர் சிலரே. போர் முடிந்தபின் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில், ஆணைக்குப் பணிந்தோம் என்பதைப் பெரிய தலைவர்கள் தம் காப்பாகக் கூறி நின்றனர். பணிய மறுத்த உழவர் 2007-இல் திருச்சபையால் அருளாளராக உயர்த்தப்பட்டார். கீழ்ப்படிதல் எதுவென்று கேட்போர், அந்தத் தலைவர்களை ஒருபுறமும் இந்த உழவரை மறுபுறமும் நிறுத்திப் பார்த்தால் போதும்.

அன்பர்களே, தொகுத்துக் கூறின்: கேட்டலில் வினா அடங்கும். கேட்டல் எழுத்தைவிட எழுதியவரின் உள்ளத்தை நாடும். கேட்டல் பொய்க்கு உடன்படாது. கேட்டலின் விலையைக் கேட்பவனே செலுத்துவான். இந்நான்கும் ஒருங்கே அமைந்த இடத்தில் மனிதனின் முதுகு குனிவதில்லை. அவன் நிமிர்ந்தே நிற்கிறான். அவன் யாருடைய சொல்லை ஏற்றானோ அவருடைய சொல் உலகில் கனம் பெறுகிறது.

இக்கனத்தைச் சேர்க்கப் பெரிய மேடைகள் தேவையில்லை. நோயுற்ற முதியவரைத் தூக்கி உட்கார வைக்கும் மகளும், கையூட்டு வாங்க மறுத்து வெறுங்கையோடு வீடு திரும்பும் எழுத்தரும், கைக்கு எட்டிய பழியைத் தூற்றாமல் விழுங்கிக்கொள்ளும் அண்டை வீட்டாரும் அதனைச் சேர்க்கிறார்கள். அவர்களைப் பற்றி எவரும் நாளை காப்பியம் பாடப்போவதில்லை. ஆனால், ஒரு சொல்லும் பேசாத தச்சர் ஒருவருக்காக, அவர் மறைந்து பதினேழு நூற்றாண்டுகளுக்குப் பின், கடல்கடந்து வந்த ஒருவர் தமிழில் 3615 பாடல்களைப் பாடினார் என்பதை மட்டும் இவ்வவை நினைவில் கொள்வதாக.